ஆறு வாரம் என்று போட்டிருந்தது

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அவர்கள் கொடுத்த தாளை என் மனைவி மேசைமேல் விரித்து வைத்தாள். "படிங்க. ஒண்ணு விடாம படிங்க."

அவளுக்கு எழுத்து தெரியாது. எனக்கும் நாற்பத்தாறு வயது வரை தெரியாது. சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு வைத்தபோது போய், விரலை வைத்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், "எங்க வீட்டுக்காரர் படிச்சுச் சொல்லுவாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிவாள்.

விரலை வைத்துப் படித்தேன். முதல் இரண்டு வாரம் தண்ணீர் போல இருப்பது மட்டும். அதையும் ஒரு சின்ன டம்ளர் அளவு அரை மணி நேரம் வைத்து உறிஞ்ச வேண்டும். அடுத்த இரண்டு வாரம் மசித்தது. ரொட்டி, கறித்துண்டு பக்கம் போகக் கூடாது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். சத்து மாத்திரை ஆயுசுக்கும். மூன்று மாதத்தில் முடி கொட்டும், பயப்பட வேண்டாம், திரும்ப முளைக்கும். கடைசியில் ஒரு வரி. ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது.

"மூணு வாரம் கனம் தூக்கக் கூடாது" என்று படித்தேன்.

"மூணு போதுமா? வயித்தையே வெட்டியிருக்காங்க."

"அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டிருந்தா சரிதான்" என்று தாளை மடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் செருகினாள்.

நான் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சுமை தூக்குகிறவன். மாடிப்படியில் கனமான சாமானை இரண்டு பேர் ஜோடியாகத் தூக்குவார்கள். மேலே ஒருவன் பிடித்து வழி காட்டுவான், கீழே ஒருவன் முழுக் கனத்தையும் நெஞ்சில் வாங்குவான். பதினோரு வருஷமாக நான் கீழாள். நூற்றி நாற்பத்தொரு கிலோ உடம்பு, அதனால் பேர் பீரோ. "அந்த பீரோவைத் தூக்க நம்ம பீரோவைக் கூப்பிடு" என்பார்கள். என் ஜோடிக்காரன் நெட்டை, ஒல்லி. அவன் பேர் ஏணி.

அந்த உடம்புதான் சர்க்கரையைக் கண்வரை ஏற்றியது, முட்டியைத் தேய்த்தது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்தால்தான் பிழைப்பாய் என்று டாக்டர் சொன்னார். வேலையிடத்தில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். சுமைக்காரனுக்குக் குடலிறக்கம் வந்தால் அதில் ஒரு மரியாதை உண்டு. வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்றால் சாகிறவரை சிரிப்பார்கள். அதோடு, உடம்பு இளைக்கப் போகிறது என்று தெரிந்தால் மேஸ்திரி கீழாள் இடத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பார். ஏற்கெனவே ஒரு தடியனைப் பார்த்து வைத்திருந்தார். ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் அந்த இடம் எனக்கில்லை.

முதல் வாரம் தோள்பட்டையில் வலி. ஆபரேஷனுக்கு வயிற்றில் அடைத்த காற்று அங்கே ஏறி நிற்கும், நடந்தால் போகும் என்றார்கள். ஒன்றையும் தூக்காமலே தோள் வலிக்கிறதே என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வயிற்றில் ஐந்து ஓட்டைகள், ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவு. இருமினால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். நான்கு ரொட்டியை நின்றபடியே முடிக்கிறவன், அரைக் கரண்டி சூப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசியே இல்லை. ஆனால் மனைவி அடுப்படியில் மறைந்து நின்று சாப்பிடுவதைப் பார்த்தபோது அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் வேலைக்குப் போனேன். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருந்தேன்.

"என்னடா பீரோ, ஒரு கதவைக் காணோம்?" என்றான் ஏணி.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் சுமைக்கு முன்னால் ஜோடி ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்னும். வேண்டாம் என்று தள்ளினால், உன் கைப்பிடியை நம்பவில்லை என்று அர்த்தம். ஏணி பிய்த்து நீட்டினான். பெரிய பாதி எப்போதும் எனக்கு. மசித்ததே இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காத வயிறு. வாங்கினேன். மூன்றே கடியில் தின்று, மேலே டீயும் குடித்தேன்.

இரண்டாம் மாடிக்கு ஒரு மர அலமாரி. முதல் திருப்பம் வரை ஒன்றும் இல்லை. பிறகு ரொட்டி நெஞ்சுக்குழியில் கல்லாக நின்றது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. வேர்த்தது, கண் இருண்டது. ஏதோ ஓர் ஓட்டைக்குள்ளே சுரீரென்று இழுத்தது.

"பீரோ, ஏன் நின்னுட்ட?" என்றான் ஏணி மேலேயிருந்து.

கீழாள் கையை விடக் கூடாது. விட்டேன். விட்டுச் சுவரோரம் ஒதுங்கி வாந்தி எடுத்தேன்.

அலமாரி படியில் சரிந்தது. ஏணி விடவில்லை. அது இழுத்த இழுப்பில் அவன் வலது கை கைப்பிடிக் கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவில் மாட்டியது. அவன் கத்தவில்லை. "ஸ்..." என்று ஒரே ஒரு சத்தம்தான் வந்தது. வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று நான் எடுத்த வாந்தியைப் பார்த்தாள்.

ஏணிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு.

மேஸ்திரி வந்து, "யாரு கையடா விட்டது?" என்று கேட்டார்.

ஏணி என்னைப் பார்த்தான். கயிறு கட்டின என் இடுப்பைப் பார்த்தான். "என் கைதான் வழுக்கிடுச்சு. அவனுக்கு உடம்பு சரியில்ல, பாவம்" என்றான்.

"வழுக்குற கையை இனிமே படியில ஏத்த மாட்டேன். கட்டு பிரிச்சப்புறம் அட்டை டப்பா ஒட்டிக்கிட்டு கெட."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிவிட்டு, இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தாளை உருவினாள். "மூணு வாரம் முடிஞ்சுதானே போனீங்க? தப்பாப் போட்டுக் குடுத்திருக்காங்க. வாங்க, போய்க் கேக்கலாம். தெரியாதவங்கன்னா என்ன வேணா எழுதிக் குடுப்பாங்களா?"

செருப்பைக் கூட மாட்டிக்கொண்டாள். தாளை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"ஆறுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"விரல வச்சுக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவளுக்குத் தெரியாத அந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தன நாள் படிச்சதுல வேற எதெல்லாம் மாத்திப் படிச்சீங்க?"

"வேற எதுவும் இல்ல."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் எல்லாரும் வண்டியைச் சுற்றி நிற்கும்போது தாளோடு போனேன். ஏணி கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுக்க வந்திருந்தான். மேஸ்திரியிடம், "கைய விட்டது நான்தான்" என்றேன். என்ன ஆபரேஷன் என்று சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்ததால் தாளைப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால் நேரமானது. தண்ணீர் போல இருப்பது என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். மசித்தது என்றபோது, "பீரோவுக்குப் பால்பாட்டில் வாங்குங்கடா" என்றான் ஒருவன். ஆறு வாரம் என்ற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீ போய் டப்பா ஒட்டு" என்றார் மேஸ்திரி. "உன் இடத்துக்கு ஆள் வச்சாச்சு. ஏணிக்குக் கை சரியானா அந்த ஆளோட போகட்டும்."

நான் கேட்க வந்தது அதில் பாதிதான், ஏணி திரும்பப் படியேற வேண்டும் என்பது. அது கிடைத்தது.

டப்பாக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து பசை நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏணி வந்து எதிரில் ஓர் அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தான். இடது கையால் பையிலிருந்து ரொட்டியை எடுத்தான். முழங்காலில் அழுத்திப் பிடித்து, சிரமப்பட்டுப் பிய்த்தான். பெரிய பாதி என் பக்கம் நீண்டு வந்து, பாதியில் நின்றது.

"உனக்குத்தான் ரொட்டி கூடாதுன்னு தாள்ல இருக்கே" என்று சொல்லி, அதையும் அவனே தின்றான். நான் தலை நிமிராமல் அடுத்த டப்பாவை எடுத்தேன். அவன் தின்று முடிக்கிறவரை எழுந்து போகவில்லை.