குடல் கழுவியவர்களின் அத்தியாயம்

பேராசிரியரின் அறையில் எப்பொழுதும் பன்னீர் மணக்கும். அன்று அந்த மணமே ஆய்வு மாணவிக்குக் குமட்டலை உண்டாக்கியது. பழங்கால இசையைப் பற்றி அவள் ஐந்தாண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அவர் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல், அத்தாள்களை இரு விரல் நுனியால் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, இசை வரலாறு எழுதச் சொன்னா கசாப்புக்கடை வரலாறு எழுதிட்டு வந்திருக்கியே!"

"அந்தக் காலத்துத் தந்தி வாத்தியத்துக்கெல்லாம் ஆட்டுக்குடல்ல திரிச்ச நரம்புதானே சார்? குடலைக் கழுவினவங்க இல்லாம கச்சேரி ஏது?"

"விருந்தைப் பத்தி எழுதறவன் எச்சில் இலையைப் பத்தியா எழுதுவான்?" என்று கேட்டுத் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இரண்டு தாள்களே அவ்வத்தியாயத்தின் உயிர். ஒன்று, நாற்றம் தாங்கவில்லை, குடல் கழுவுவோரை ஊருக்கு வெளியே துரத்துங்கள் என்று இருபத்து மூன்று பெரிய மனிதர்கள் கொடுத்த மனு. மற்றொன்று, அதே ஆண்டு அரண்மனைக் கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்தோரின் பட்டியல். மனுவிலிருந்த பத்தொன்பது பெயர்கள் இதிலும் இருந்தன. இரண்டையும் அவள் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்திருந்தாள்.

"இதை எடுத்துட்டா நாளைக்கே கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா வேற கைடைப் பாத்துக்க."

சுவரில் அவர் வாசிக்கும் பழங்கால வாத்தியம் தொங்கியது. நரம்புகள் புதியவை.

"இந்த நரம்பு எங்கேருந்து சார் வந்தது?"

"கடையிலேருந்து."

"கடைக்கு?"

"அது எனக்கெதுக்கு?"

அவளுக்குத் தெரியும். சென்ற வாரந்தான், ஆடு அறுக்கும் கூடத்தின் பின்புறமிருந்த நரம்புப் பட்டறைக்குப் போயிருந்தாள். பீப்பாய்களில் சாம்பல் நிறக் குடல்கள் ஊறிக் கிடந்தன. நாற்றம் முகத்தில் அறைந்தது. பட்டறைக்காரி நகம் அழுகிய கட்டைவிரலால் கொழுப்பை வழித்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே, நீ மூக்கைப் பொத்தலை! போன மாசம் வந்த அதிகாரி வாசல்லயே வாந்தி எடுத்துட்டாரு," என்றவள், கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இப்பதான் குடிச்சேன்க்கா."

"வர்றவங்க எல்லாருமே இப்பதான் குடிச்சுட்டு வர்றாங்க," என்று பட்டறைக்காரி சிரித்தாள்.

அன்று வீடு திரும்பியவள் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அதை நினைத்ததும், பேராசிரியர்மேல் பொங்கிய அருவருப்பு திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த மனுவின் அடியில் இருபத்து நான்காவதாகத் தன் பெயருக்கும் இடம் இருந்திருக்கும்.

தாள்களை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"எடுக்க மாட்டேன் சார். இன்னும் ஒரு பக்கம் சேர்க்கணும்."

"அப்போ என் பேரை எடுத்துடு!"

"சரிங்க சார்."

வெளியே நடைபாதை பெஞ்சில் அமர்ந்து, சிவப்புக் கோடு விழுந்த முதல் தாளைத் திருப்பினாள். அதன் வெற்றுப் பக்கத்தில் அத்தியாயத்தின் புதிய முதல் வரியை எழுதினாள்:

'அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை.'