இலங்கைச் சலாபத்தில் பிறந்தவள்

பிளாரன்ஸுக்கு எட்டு வயது. மில்லின் வயதுப் பதிவேட்டில் பதின்மூன்று என்று எழுதியவன் நான்.

எங்கள் கடற்கரைத் தாய்மார்கள் பிள்ளை பிறந்த வருடத்தைச் சலாபத்தை வைத்துத்தான் சொல்வார்கள். முத்துக்குளிப்பு நடக்கும் வருடம் சலாப வருடம். தூத்துக்குடிச் சலாபத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த 1913இல் பதின்மூன்று வயது. இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் பிறந்ததற்கு எட்டு. ஒன்பது ஆகாத பிள்ளையை மில்லில் வைக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே இலங்கைச் சலாபத்துப் பிள்ளைகளை எல்லாம் நான் தூத்துக்குடிச் சலாபத்தில் பிறக்க வைத்தேன். வயதுச் சான்று கொடுக்க வரும் டாக்டர் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து வயதை மதிப்பிட வேண்டும். அவர் பதிவேட்டை மட்டும் பார்த்தார். என் எழுத்து குண்டுகுண்டாக, நம்பும்படி இருக்கும்.

பாளையங்கோட்டையில் எஃப்.ஏ. படிப்பைப் பாதியில் விட்டவன் நான். காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன். காய்ச்சல் இல்லை, படிக்கவில்லை. மில்லில் ராத்திரி ஷிப்ட்டுக்குப் பேர் கூப்பிடும் வேலை கிடைத்தது. விடிந்து வீட்டுக்குப் போகும் முன் வயதுப் பதிவேட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன்.

அந்த மாசி மாதம் மிஸ் கார்வர் என்ற அமெரிக்க அம்மாள் கொழும்புக்குப் போகும் வழியில் நான்கு நாள் மிஷன் பங்களாவில் தங்கினார். அவர் ஊரில் பிள்ளைகளை மில்லிலிருந்து மீட்கச் சட்டம் கேட்டுப் போராடும் சங்கம் ஒன்று இருந்தது. அதில் அவர் ஓர் அங்கத்தினர். பெட்டி நிறையக் கண்ணாடிப் படங்கள் வைத்திருந்தார். விளக்கு வைத்து அவற்றைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார். தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று பாதிரியார் என்னைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நெரிந்தது. மிஷன் புராட்டஸ்டண்டுகளுடையது; ஆனாலும் படம் பார்க்கக் கத்தோலிக்கப் பரவர்களும் வந்திருந்தார்கள். முதல் படத்தில் நூற்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. கால் வெறுமையாக இருந்தது.

"வெள்ளக்காரப் பிள்ளைக்குச் செருப்பு இல்லியா?" என்றார் ஒரு கிழவர்.

"ஒமக்கு இருக்கா ஓய்?" என்றான் பின்னால் ஒருவன். சிரித்தார்கள்.

அடுத்த படத்தில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் கடற்கரைக் கொட்டகையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கயும் சலாபமா? முத்து கெடக்குமா?"

"முத்துக்கு இல்ல. தின்னுறதுக்கு," என்றேன்.

"சிப்பியவா திங்காவ? பாவம்."

நான் ரசித்துத்தான் மொழிபெயர்த்தேன். வயதைக் கூட்டிச் சொல்லும் தகப்பன்மார், அதைத் தெரிந்தே எழுதிக்கொள்ளும் மில் குமாஸ்தாக்கள், இவர்களைத் தேடிப் போய்க் குடும்ப வேதப் புத்தகத்தில் எழுதிய பிறந்த தேதியைக் காட்டிப் பிடித்த கதையை மிஸ் கார்வர் சொன்னார். குமாஸ்தாக்கள் என்று சொல்லும்போது என் குரல் இடறவில்லை. அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். மதுரையில் அமெரிக்க மிஷன் நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதியில் மூன்று இடம் இருக்கிறது. ஒன்பது வயது ஆகாமல் மில்லில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். செலவு முழுவதும் சங்கத்தினுடையது. மறுநாள் பங்களாவில் தாயும் பிள்ளையும் வந்து பார்க்கலாம். அதையும் அப்படியே சொன்னேன்.

மறுநாள் விடிகாலை மில் வாசலில் மேஸ்திரி சிவசுப்பிரமணியன் என்னை நிறுத்தினார்.

"ஏலே கிருபாநிதி, நேத்து பிரசங்கம் ஜோரா இருந்துச்சாமே. குமாஸ்தாவப் பத்தி வந்த எடத்துல ஒம் பேரச் சொன்னியா?"

நான் விலகிப் போகப் பார்த்தேன்.

"எட்டு வயசுன்னு அந்தம்மா ஒரு பிள்ளயப் புடிச்சு மெட்ராஸ் சர்க்காருக்கு எழுதுனா, பதிவேட்டத்தாம்லே கேப்பாவ. அதுல எங் கையெழுத்து இல்ல." தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குப் பங்களாவில் ஒரே ஒரு தாய்தான் நின்றாள். கித்தேரியாள். அவள் புருஷன் கொழும்புத் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறான், எப்போதாவது ஆள் வருவான். பக்கத்தில் பிளாரன்ஸ். இயந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து கழிவுப் பஞ்சு பொறுக்குவது அவள் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாயைப் பொத்தி இருமினாள்.

"அண்ணாச்சி, வேதம் மாறச் சொல்லுவாவளோ?" என்று கித்தேரியாள் மெதுவாகக் கேட்டாள். "மாறுனா மாறட்டும். சவேரியார் கோவிச்சுக்கிட மாட்டாரு. இருமல் நின்னாச் சரி."

மிஸ் கார்வர் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார். வயது என்ன என்று என்னிடம் கேட்டார்.

நான் கித்தேரியாளிடம் கேட்டேன்.

"இலங்கைச் சலாபத்துல பெறந்தவ. அவ அப்பன் மரிச்சுக்கட்டில முங்கிக்கிட்டு இருந்தாவ. நான் இங்கன பெத்தேன். ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

தெரியும். பதிவேட்டில் பேர் எழுதிய அன்றும் இதையேதான் சொன்னாள்.

"தூத்துக்குடி முத்துக்குளிப்பு நடந்த வருடம் பிறந்தவளாம். பதின்மூன்று," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மிஸ் கார்வர் பிளாரன்ஸை மறுபடி பார்த்தார். இவ்வளவு சிறியவளாக இருக்கிறாளே என்றார். இங்கே சாப்பாடு அப்படி, எல்லாப் பிள்ளைகளும் குள்ளம் என்றேன். அவர் நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு என்ன காரணம் இருந்தது? முந்தின நாள் அவர் பேச்சைச் சொல்லி ஊரை அழவைத்தவன் நான். பதின்மூன்று வயதுக்கு விடுதியில் இடமில்லை, மிகவும் வருந்துவதாகச் சொல் என்றார்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் கித்தேரியாள்.

"இடமெல்லாம் முடிஞ்சு போச்சாம்."

"நாங்கதானே மொதல்ல வந்தோம்? வேற யாரும் வரலியே."

"நேத்தே எழுதிட்டாவளாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். பங்களாத் தரையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அன்று பகல் எனக்குத் தூக்கம் வரவில்லை. மிஸ் கார்வர் அன்று புறப்படுவதால், நான்கு மணிக்குத் துறைமுகத்தில் படகு ஏறும் பாலத்துக்குப் போனேன். கொழும்புக் கப்பல் தூரத்தில் நின்றது. ஆட்களை ஏற்றிப் போகும் படகு கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. மிஸ் கார்வர் என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டு, கண்ணாடிப் படப் பெட்டியைப் படகில் இறக்க உதவச் சொன்னார். கூலிகள் உடைத்துவிடுவார்களாம். நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் படியிறங்கி, படகில் வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் சாக்கு வைத்தேன். அவர் கை கொடுத்தார். நான் பிரயாணம் நன்றாக அமையட்டும் என்றேன். படகு போய்விட்டது.

திரும்பும்போது பனிமய மாதா கோயில் தெருவில் கித்தேரியாள் எதிரே வந்தாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். சாளைக் கருவாடு.

"எதுக்கு?" என்றேன்.

"எங்களுக்காவ அந்தம்மாகிட்ட அம்புட்டு நேரம் இங்கிலீசுல பேசுனியளே அண்ணாச்சி. யாரு பேசுதா? இடம் இல்லாட்டா நீங்க என்ன செய்வீய?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் அம்மா அதைச் சுட்டுச் சோற்றோடு வைத்தாள். முழுவதும் தின்றுவிட்டு மில்லுக்குப் போனேன்.