சரியாத் தெரியுதா, மச்சான்?

கூரியர்க்காரன் வாசலில் நின்று "உம்மு ஹானி மேடம்" என்று கூப்பிட்டதிலேயே இஹ்ஸானுக்கு அன்றைய காலை கெட்டுப்போனது. ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தன் மனைவியை ஒருவன் மேடம் என்று கூப்பிடுவதில் தப்பில்லைதான். ஆனால் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பேரும் அவள் பேர், வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்தும் அவள் கையெழுத்து. போதாததற்கு, "உங்க வீடியோ எல்லாம் பாப்பேன் மேடம். நீங்க சொன்ன போர்டத்தான் நானும் வாங்குனேன்" என்று அவன் பல்லைக் காட்டியது வேறு. பக்கத்தில் கைலியோடு நின்றவனை அந்தப் புண்ணியவான் திரும்பியும் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தது மதர்போர்டு, கம்ப்யூட்டரின் மற்ற எல்லாப் பாகத்தையும் மாட்டுகிற பலகை. சாதாரண போர்டு இல்லை. கடைக்காரர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, வாங்குகிற முகமா என்று பார்த்துவிட்டு எடுத்துக் காட்டுகிற ரகம். ஒரு நல்ல பைக் வாங்குகிற விலை. இன்னும் கடைக்கே வரவில்லை. அதற்கு முன்னால் சோதித்துப் பார்த்துச் சொல்லும்படி தமிழில் இதைப் பற்றி வீடியோ போடுகிற நாலைந்து பேருக்கு மட்டும் கம்பெனியின் சென்னை ஏஜென்சி அனுப்பியிருந்தது. அதில் ஒருத்தி காயல்பட்டினத்து உம்மு ஹானி. வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோ வெளியாக வேண்டும். இது நல்லபடியாக முடிந்தால் இனி வருகிற ஒவ்வொரு போர்டும் அவள் வீடு தேடி வரும் என்று ஏஜென்சியின் விஜயராஜ் ஃபோனில் சொல்லியிருந்தார்.

அவள் வீடு. அதுவும் ஒரு முள். ஊர் வழக்கப்படி கல்யாணமான நாளிலிருந்து இஹ்ஸானுக்குப் பெண் வீட்டில்தான் இருப்பு. மாமியார் ருகையா நல்ல கறித்துண்டாகத் தேடி மாப்பிள்ளை தட்டில் வைப்பார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எட்டு வருஷம் ஆகியும் டீ கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. கேட்பதற்குள் யாராவது கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் இந்தக் கம்ப்யூட்டர் பைத்தியம் அவனுடையது. ஷார்ஜாவில் ஓர் அறையில் அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு அவனுக்கு. அங்கே கம்ப்யூட்டர் வைக்க ஏது மேசை? படுத்துக்கொண்டே ஃபோனில் படித்தான். எந்த போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் பிரித்துவிட எத்தனை மின்கட்டம், எதன் வெப்பத்தகடு எவ்வளவு கனம், எல்லாம் அத்துப்படி. சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒவ்வொரு பாகமாக வாங்கி, ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் திணித்து அனுப்புவான். மாடி அறையில் உம்மு ஹானி வீடியோ காலில் ஃபோனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, "மச்சான், சரியாத் தெரியுதா?" என்று கேட்பாள். "தெரியுது" என்பான். அப்புறம் அவன் சொல்லச் சொல்ல அவள் மாட்டுவாள். "மெல்ல, மெல்ல! உடைச்சிராத!" என்று அங்கிருந்து அவன் போடுகிற சத்தத்தில் கீழ்க்கட்டில்காரன் எழுந்து உட்காருவான்.

ஒரு தடவை ஷார்ஜாவில் நெட் சரியில்லை. அவள் மாட்டியதை வீடியோவாக எடுத்து, ஓய்வாகப் பார்க்கட்டும் என்று யூட்யூபில் போட்டுவிட்டாள். அதை ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பார்த்தார்கள். இன்னொன்று கேட்டார்கள். அவளும் போட்டாள். முகம் கிடையாது, இரண்டு கையும் குரலும் மட்டும். பிறகு அவளாகவே படித்தாள், அவளாகவே சோதித்தாள். கடல் பக்கத்து ஜன்னலில் பழைய போர்டுகளை வரிசையாக வைத்து, உப்புக்காற்றில் எதன் திருகு முதலில் துருப்பிடிக்கிறது என்று காட்டினாள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வரை கடலோரத்தில் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களுக்கு அவள் சொல்தான் கடைசிச் சொல் என்று ஆனது.

இஹ்ஸானுக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே எரிந்தது. தான் போட்ட விதையில் வேறொருவர் மரம் ஏறி உட்கார்ந்திருப்பதாகப் பட்டது. அவளுடைய வீடியோக்களை அவன் போட்டுப் பார்ப்பதே இல்லை. கமெண்டுகளை மட்டும் ஒன்று விடாமல் படிப்பான். "அக்கா கை பட்டா செத்த போர்டும் எந்திச்சிரும்" என்று ஒருவன். "தெரியுது லாத்தா, நல்லாத் தெரியுது" என்று அக்காவை லாத்தாவாக்கி வீடியோவுக்கு வீடியோ நூறு பேர். இவனுகளுக்கு அப்படி என்னதான் தெரிகிறதோ என்று பல்லைக் கடிப்பான். "பாத்தீங்களா மச்சான்?" என்று அவள் கேட்டால், "பாத்தேன், நல்லாருக்கு" என்பான். அவள் அதோடு விட்டுவிடுவாள்.

பெட்டியை அவள் பிரிக்கப்போகும்போது அவன் சொன்னான்.

"இந்தத் தடவ நான் பண்ணுதேன்."

"தாராளமாப் பண்ணுங்க மச்சான்" என்றாள் உம்மு ஹானி உடனே. "நானும் உம்மாவும் கீழக்கரை கல்யாணத்துக்குப் போகணும்லா. வியாழக்கிழமை பொழுதடைஞ்சுதான் வருவோம். நீங்களே எடுத்து நீங்களே போட்டுருங்க."

அவள் மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது அவனை இன்னும் சுட்டது. அவளிடம் அள்ளிக் கொடுக்கிற அளவுக்கு இருக்கிறது, அதனால் கொடுக்கிறாள்.

"ரேம் மாட்டும்போது மட்டும்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எனக்கே சொல்லித் தாரியா?"

அவள் துணியெடுத்து வைக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை, ஆளில்லாத வீட்டில், மாடி அறை மேசைக்கு மேலே ஃபோனை மாட்டிவைத்து இஹ்ஸான் ஆரம்பித்தான். பேச்சென்றால் பேச்சு. மின்கட்டங்களைப் பற்றிப் பேசினான், பலகைக்குள் எத்தனை அடுக்குச் செம்பு ஓடுகிறது என்று சொன்னான், கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்பதை இரண்டு தடவை அமுக்கிக் காட்டினான். குரல் தனக்கே பிடித்திருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு முழு போர்டை அவனே தன் கையால் மாட்டுவது இதுதான் முதல் தடவை. பிராசஸரை வைத்து லீவரை இறக்கும்போது அது 'கிறீச்' என்றது, அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது எல்லாம் முழுசாக இருந்தது.

அடுத்து ரேம். நீளப் பள்ளத்தில் நிறுத்தி அழுத்த வேண்டும். இந்த போர்டில் பள்ளத்தின் மேல்முனையில் மட்டும்தான் கொக்கி, கீழ்முனையில் கிடையாது. மெல்ல, மெல்ல என்று தனக்கே சொல்லிக்கொண்டு பூப்போல அழுத்தினான். மேலே 'டக்' என்று கொக்கி விழுந்தது. இரண்டையும் மாட்டி, பவரைப் போட்டான்.

காற்றாடி சுற்றியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. திரை வரவில்லை.

புது ரேம் என்றால் முதல் தடவை நேரமெடுக்கும் என்று அவன் படித்திருந்தான். காத்திருந்தான். டீ போடலாம் என்று கீழே இறங்கி, கோப்பை எங்கே என்று தெரியாமல் திரும்பி வந்தான். மஞ்சள் விளக்கு அணையவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினான். இடம் மாற்றி மாட்டினான். ஒவ்வொரு தடவையும் அதே பூப்போல, ஒவ்வொரு தடவையும் அதே 'டக்', அதே மஞ்சள். உம்மு ஹானிக்கு ஒரு ஃபோன் அடித்தால் தெரிந்துவிடும். ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் தொடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவனுக்கு ஒன்று தோன்றியது. போர்டே கோளாறு! அவ்வளவு ஆசையாக மேடம் மேடம் என்று அனுப்பியது ஓட்டை போர்டு! நினைத்ததும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. உள்ளதைச் சொன்னால் அவள் இனிமேல் அந்தக் கம்பெனி பக்கம் போக முடியாது, போர்டும் வீடு தேடி வராது. அதற்காக அவன் வருத்தப்படவில்லை. உண்மையைத்தானே சொல்லப்போகிறேன் என்று மனசாட்சியையும் தட்டிக்கொடுத்து உட்காரவைத்தான்.

"இவ்ளோ விலை குடுத்து இந்த போர்டை வாங்காதீங்க. திரையே வராத போர்டு" என்று முடித்தான். சேனல் அவனுடைய இமெயிலில் தொடங்கியது, பாஸ்வேர்டு அவனிடமும் இருந்தது. சாயங்காலம் குறித்த நேரத்துக்குப் போட்டுவிட்டான்.

கமெண்டுகள் வரத் தொடங்கின. முதல் கமெண்டே, "அக்கா எங்க?" அடுத்து, "யாரு இது?" அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு ஆலந்தலையிலிருந்து சிலுவை என்ற ஒருவன் எழுதினான். எல்லா வீடியோவிலும் முதல் ஆளாக வந்து நிற்கிற பெயர், அதனாலேயே இஹ்ஸானுக்கு ஆகாத பெயர்.

"அண்ணாச்சி, ரேம் கீழ்முனை உக்காரல. தங்கக் கோடு வெளிய தெரியுது பாருங்க. மேல சத்தம் கேட்டதும் ஏமாந்துராதீங்க, கீழயும் நல்லா அழுத்துங்க, ஒடையாதுன்னு அக்கா ஒவ்வொரு வீடியோலயும் சொல்லுவாங்கள்லா? நீங்க ஒண்ணு கூடவா பாக்கல?"

அதற்குக் கீழே ஊரே சிரித்தது.

இஹ்ஸான் குனிந்து பார்த்தான். பள்ளத்தின் கீழ்முனையில் மயிரிழை அகலத்துக்குத் தங்க நிறம் மினுங்கியது. ஃபோன் அடித்தது. விஜயராஜ் சத்தம் போடவில்லை, சார் சார் என்றுதான் பேசினார். "வீடியோவ மட்டும் எடுத்துருங்க சார். மேடம் கையால இன்னொண்ணு போட்டாப் போதும். கம்பெனி மேடத்தத்தான் நம்புது." எடுத்துவிட்டான். பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள்.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. உம்மு ஹானி புர்காவைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்கு வந்தாள். வழியிலேயே பார்த்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு ரேமின் கீழ்முனையிலும் கட்டைவிரலை வைத்து ஊன்றி அழுத்தினாள். போர்டே வளைகிற மாதிரி இருந்தது. 'டக்', 'டக்'. பவரைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு அணைந்து திரை வந்தது.

"கம்பெனிய நான் பாத்துக்கிடுதேன். அது பெருசில்ல" என்றாள். "அந்தச் சிலுவ கேட்டது நெசமா மச்சான்?"

"எது?"

"ஒண்ணு கூடவா பாக்கல?"

இஹ்ஸான் காலி ரேம் பெட்டியை எடுத்து மூடினான்.

"எத்தன தடவ கேட்டேன். நல்லாருக்கு, நல்லாருக்குன்னீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அவன் ஃபோனை எடுத்து ஆகப் பழைய வீடியோவைத் திறந்தான். மேசை, இரண்டு கைகள், விரல் நுனியில் மருதாணி. கை ஒருமுறை கேமராவைச் சரிசெய்தது. "மச்சான், சரியாத் தெரியுதா?" என்றது அவள் குரல். பிறகு பேச்சே இல்லை. ஒருவர் "தெரியுது" என்று பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் கைகள் சும்மா இருந்தன. அதற்கப்புறம்தான் பெட்டியைப் பிரித்தாள்.

அடுத்ததைத் திறந்தான். "மச்சான், சரியாத் தெரியுதா?" அதற்கடுத்ததிலும் அப்படியே. ஆயிரக்கணக்கானோர் பார்க்கத் தொடங்கிய பிறகும், கம்பெனிகள் தேடிவரத் தொடங்கிய பிறகும், ஒவ்வொன்றிலும் அதே கேள்வி, அதே காத்திருப்பு. பார்க்கிறவர்கள் அதை அவள் பாணி என்று நினைத்துக்கொண்டு, அவன் சொல்ல வேண்டிய பதிலை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரியுது லாத்தா. நல்லாத் தெரியுது. எல்லாருக்கும் முந்தி ஆலந்தலைச் சிலுவை. "தெரியுது அக்கா!"

இதுவரை பட்ட பொறாமையெல்லாம் ஒரு பொறாமையா என்று ஆகிவிட்டது இஹ்ஸானுக்கு. பார்த்தறியாத ஒரு பையன், தன் இடத்தில் உட்கார்ந்து, தன் மனைவிக்கு வாரம் தவறாமல் பதில் சொல்லியிருக்கிறான். அவனை யாரும் அங்கே உட்காரவைக்கவில்லை. இடம் காலியாகக் கிடந்தது, உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது கழற்றிய போர்டு மறுபடி பெட்டிக்குள் ஏறி, மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. "லைட்ட மட்டும் கொஞ்சம் பிடிங்க" என்றாள். பிடித்துக்கொண்டு நின்றான். கை நீண்டு கேமராவைச் சரிசெய்தது. மருதாணி புதுசு, கல்யாண வீட்டில் வைத்தது. இஹ்ஸான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தான்.

"இன்னைக்கு நாம பாக்கப்போற போர்டு..." என்று நேரே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்தாள், போர்டை வைத்தாள், பிராசஸரை இறக்கி லீவரை ஒரே அழுத்தில் பூட்டினாள். அவள் ரேமை எடுத்துப் பள்ளத்தில் நிறுத்தி, மேல்முனையை அழுத்தினாள். 'டக்'. கட்டைவிரலைக் கீழ்முனைக்கு நகர்த்தினாள்.

"தெரியுது" என்றான் இஹ்ஸான்.

யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. உம்மு ஹானியின் விரல் ரேமின் மேல் அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கேமராவை நிறுத்தவும் இல்லை. பிறகு அழுத்தினாள்.