குழாய்க்கு முன்னால் ஒரு நாற்காலி

எங்கள் தையல் ஆலையில் காய்ச்சலுக்கு மருந்து வாசல் குழாய்தான். காலையில் வந்ததும் எல்லோரும் அதில் நெற்றி சில்லிடும்வரை முகம் கழுவுவார்கள். பிறகு நான் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரை நீட்டுவேன். பச்சை விளக்கு எரியும். ஊரெல்லாம் ஃப்ளூ, எங்கள் பதிவேட்டில் மட்டும் ஒருவருக்கும் இல்லை.

முதலுதவி அறை என் பொறுப்பு. மூன்று நாள் அந்தப் பக்கங்களில் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் மதியம், ஆலையிலேயே வேலை பார்க்கும் அண்ணியைப் பார்க்கப் போனேன். ஆறு மாத வயிற்றோடு பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மெஷின்காரி இருமி, தைக்கிற துணியிலேயே வாயைத் துடைத்தாள்.

"வீட்டுக்குப் போங்கக்கா. அண்ணிக்குத் தொத்திக்கிட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

"வருகைப் பலகையில எனக்குப் பதினோரு மாச நட்சத்திரம் இருக்கு. ஒருநாள் வரலைன்னா மொத்தமும் அழிச்சிடுவாங்க. அதோட, எனக்குக் காய்ச்சல் இல்லைன்னு நீதானே எழுதியிருக்க?"

மறுநாள் நாற்காலியைக் குழாய்க்கு முன்னால் போட்டேன்.

"முதல்ல இங்க. அப்புறம் முகம் கழுவுங்க."

ஒன்பது பேருக்குச் சிவப்பு விளக்கு. வீட்டுக்கு அனுப்பினேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா, வாசல்ல கடை விரிச்சிருக்க? ஆர்டர் யார் முடிப்பா, உங்க அப்பாவா? நாற்காலியைத் தூக்கி உள்ள போடு."

"மாட்டேன் சார்." குரல் நடுங்கியது.

"என்னது?"

"மாட்டேன் சார்." அப்போதும் நடுங்கியது. "இத்தனை நாளும் ஈர நெத்தியை அளந்திருக்கேன். அதெல்லாம் தப்புன்னு பதிவேட்டுலயே எழுதிட்டேன். சுகாதார அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிட்டேன்."

"வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேனே!" நாற்காலியை அவரே தூக்கினார். "நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல."

"இன்னிக்கு இருக்கு சார்."

நாற்காலி உள்ளே போனது. நான் நின்றேன்.

வரிசையில் அடுத்தவள் அண்ணி. முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள். "நல்லாப் பாரு. அண்ணின்னு சலுகை காட்டாதே."

பச்சை.

குழாயடியில் மெஷின்காரி அக்கா நனைந்த முகத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஈரம் போகணும்கா. பத்து நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும். நட்சத்திரத்தை அவனுங்களே வச்சுக்கட்டும்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சூப்பர்வைசர் உள்ளிருந்து கத்தினார். நெற்றி காயும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.