பத்து வைத்த இடம்

சிக்கனம் என்று ஊரே அழைக்கும் அந்த மனிதன் சிரித்தால்கூடப் பாதிதான் சிரிப்பான். மீதியை நாளைக்கு எடுத்து வைத்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லரை இழுத்துவந்து வாசலில் நிறுத்தியபோது, அவன் மனைவி வெளியே வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். துரு என்றால் லேசுப்பட்ட துரு இல்லை. விரலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"நான் எங்க பண்ணப் போறேன்? நீதான் பண்ணப் போற. அறுவடைக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போகணும். பெயின்டருக்கெல்லாம் கொடுத்துக் கட்டுப்படியாகாது."

அவளுக்குத் தங்கச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளுடைய அண்ணன் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். டிரெய்லர் வந்த அன்று அண்ணனும் வந்து, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ அவசர வேலை என்று எழுந்து போனான்.

தங்கச்சி சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். போல்ட்டுகளை எல்லாம் கழற்றி வினிகர் ஊற்றிய வாளியில் ஊறப்போட்டாள். கம்பி பிரஷ்ஷால் பலகையைத் தேய்த்தாள். பிரஷ் எட்டாத மூலைக்கு உப்புத்தாளை மடித்துக் குச்சியில் சுற்றினாள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை பூசினாள். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அதுவும் சிவப்பாகவே வந்தது.

மேல் பூச்சுக்குப் புது டப்பா வாங்க சிக்கனம் ஒத்துக்கொள்வானா? நாலு வீட்டில் மிச்சம் கிடந்த எனாமலை எல்லாம் வாங்கிவந்து ஒரே தகரத்தில் ஊற்றிக் கலக்கினாள். நீலம், சிவப்பு, யாரோ ஜன்னலுக்கு அடித்த பழுப்பு. கலக்கக் கலக்க ஒரு நிறம் வந்தது பாருங்கள், அதற்குப் பெயரே கிடையாது. பெயர் வைத்தவள் அவளுடைய நாத்தனார்தான்.

"என்ன அண்ணி, ஈரலைக் கழுவிக் காயப்போட்ட மாதிரி இருக்கு!"

"நீ ஏறி உட்கார்ந்துக்கிட்டுப் போறப்போ ஈரலும் தெரியாது, குடலும் தெரியாது. சும்மா இரு."

துரு தின்ற ஓட்டைகளுக்கும் அவளே ஒரு வழி வைத்திருந்தாள். சுண்ணாம்புப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்து, தலைவலிக்கு நெற்றியில் போடுவோமே, அதுபோல அப்பிவிடுவாள். கடையில் விற்கும் பட்டிக்குப் பதில் இது. அவர்கள் வீட்டில் அதற்குப் பத்து என்றே பெயர். 'கதவு ஓரத்துல கொஞ்சம் பத்து வை' என்பான் சிக்கனம். அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் அந்தப் பேச்சு தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

டிரெய்லர் வந்த மறுநாள் அண்ணன் போன் பண்ணினான். அவன் பின்னால் கிரைண்டர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நேத்தே சொல்ல மறந்துட்டேன். டிராக்டரோட மாட்டுற முன்தண்டு இருக்குல்ல, அது வளையற இடத்துல ஒரு கீறல் ஓடுது. அங்க பத்த வைக்கணும். பெயின்ட்டுக்கு முன்னாடியே. விட்டுடாத."

"பத்து வைக்கணும், அவ்வளவுதானே? வச்சிடறேண்ணே!"

அவன் சொன்னது நெருப்பால் பத்த வைப்பதை, அதாவது வெல்டிங்கை. அவள் கேட்டது கிண்ணத்தில் இருந்த பத்தை. ஓர் எழுத்துகூட முழுசாக வித்தியாசம் இல்லை கண்ணுகளா, வெறும் உதட்டுக் குவிப்புதான். ஆனால் அந்தத் தண்டை நம்பித்தான் அத்தனை பேரும் ஏறப் போகிறார்கள்.

அவள் கீறலைத் தேடிக் கண்டுபிடித்து, பத்தை அழுத்தி அழுத்தி வைத்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கினாள். காய்ந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வச்சாச்சுண்ணே. நல்லா இறுகிடுச்சு."

"ஓ, வச்சாச்சா? சரி." போனை வைத்துவிட்டான். கூடப் பிறந்தவன் பட்டறை இருக்க, மலிவாகச் செய்கிறான் என்று வேறு எவனிடமோ கொண்டுபோய்விட்டார்கள் என்று அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஈரல் நிறம் பூசி முடித்த பிறகு, எல்லா இடமும் காய்ந்தது. அந்த வளைவு மட்டும் காயவில்லை. ஒரு காலையில் அங்கே முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அதன் நுனியில் துரு ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது. தங்கச்சி துடைத்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு கொடுத்தாள். மறுநாளும் கோடு வந்தது. வெயில் தாழ்ந்து இரும்பு குளிரும்போது அந்தப் பக்கமிருந்து 'டிக்' என்று சத்தம் கேட்டது, யாரோ உள்ளேயிருந்து நகத்தால் சுண்டுவதுபோல. அவளுக்கு என்னவோ போலிருந்தது. இன்னும் கொஞ்சம் பத்து வைத்தாள்.

மினுமினுப்பைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மீசைக்காரருக்கு ஆசை வந்துவிட்டது.

"ஏம்மா தங்கச்சி, அந்த மாவு மிச்சம் இருந்தா கொடேன். என் மிஷின் சக்கரமும் கிழவி பாதம் மாதிரி வெடிச்சுக் கிடக்கு."

"தாராளமா எடுத்துக்குங்க. அழுத்தி வச்சாப் போதும், இரும்பு மாதிரி நிக்கும்." பாராட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது? கிண்ணத்தோடு கொடுத்துவிட்டாள்.

அறுவடை நாள் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, உச்சி வெயில் தணிந்ததும் பெண்கள் ஏறினார்கள். நாத்தனார் முன்கம்பியை ஒட்டி, சரியாக அந்தத் தண்டுக்கு மேலே இடம் பிடித்தாள். "ஈரல் வண்டி கிளம்புது, வழி விடுங்க!" என்று கத்தினாள். டிராக்டரை ஓட்டிப்போன சிக்கனத்தின் போன் வழக்கம்போல வீட்டில் சார்ஜில் கிடந்தது.

அவர்கள் போன பிறகுதான் அண்ணன் வந்தான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்காமலே, வாசலில் நின்ற தங்கச்சியைக் கேட்டான்.

"எவன்கிட்ட பத்த வச்சீங்க? நல்ல கம்பியாப் போட்டானா, இல்ல மாப்பிள்ளை அதுலயும் பேரம் பேசினாரா?"

"கம்பியா? பத்துக்கு எதுக்குண்ணே கம்பி? நானே விரலாலதான் வச்சேன்."

"விரலாலயா?"

அவள் விரலைக் காட்டினாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அண்ணன் அந்த விரலையே பார்த்தான். அவன் முகம் வெளுப்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்கும் அந்த வார்த்தை இரண்டாகப் பிரிந்து கேட்டது.

"ஏறு. வாய்க்கால் பாலத்து ஏத்தத்துக்கு முன்னாடி பிடிச்சாகணும். ஏத்தத்துல பாரம் முழுக்க அந்த ஒரு இடத்துலதான் நிக்கும்."

ஏத்தத்தின் அடியிலேயே டிராக்டர் தெரிந்தது. நாத்தனார் இவர்களைப் பார்த்துவிட்டுக் கையசைத்தாள். "அண்ணியும் அறுக்க வர்றாங்கடி!" ஒரே சிரிப்பு. அண்ணன் டிராக்டரைத் தாண்டிப் போய், வண்டியைக் குறுக்கே போட்டான். சிக்கனம் பிரேக்கை மிதித்தான். டிரெய்லர் ஒரு முறை முட்டி நின்றது.

"இறங்குங்க. எல்லாரும் இறங்குங்க!" தங்கச்சியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய நாத்தனார், "என்ன அண்ணி, ஈரல் கெட்டுப்போச்சா?" என்றாள்.

அண்ணன் குனிந்து ஸ்பானரால் வளைவில் ஒரு தட்டுத் தட்டினான். பத்து ஒரே துண்டாக, காய்ந்த புண்ணின் பக்கு போலக் கழன்று விழுந்தது. கீழே இரும்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் முழுசாக உள்ளே போனது. ஒட்டிக்கொண்டிருந்தது ஓரத்தில் ஒரு மெல்லிய நரம்பு மட்டும்தான்.

நாத்தனார் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிக்கனம் அந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாதிச் சிரிப்பும் வரவில்லை.

"பத்து," என்றான். "கதவுக்கு வைக்கிற பத்து." பிறகு, பழக்கதோஷம்தான் போலிருக்கிறது, கேட்டான்: "மிச்சம் இருந்துச்சே, அது எங்க?"

தங்கச்சி வீடுகள் இருக்கும் பக்கம் திரும்பினாள்.

"மீசைக்காரர்கிட்ட," என்றாள். "மிஷின் சக்கரத்துக்கு."

அண்ணன் நிமிர்ந்தான். "எந்த மிஷின்?"

"மாட்டுக்குத் தீவனம் வெட்டுற மிஷின். அந்தப் பெரிய சக்கரம். பத்து காயட்டும்னு நிறுத்தி வச்சிருந்தாரு, இன்னைக்குப் பால் கறந்ததும் ஓட்டுவாரு. பக்கத்துலயே நின்னு கையாலதான் புல்லைத் தள்ளுவாரு. அவர்கிட்ட போனும் கிடையாது."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பால் கறக்கும் நேரம் முடிந்திருந்தது. அண்ணன் ஓடிப்போய் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது இருமிக்கொண்டு அணைந்தது. மறுபடி உதைத்தான். அந்த இடைவெளியில், வயலுக்கு அந்தப் பக்கமிருந்து, வீடுகள் இருக்கும் திசையிலிருந்து, ஒரு மோட்டார் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து வேகம் எடுப்பது கேட்டது.