பல் டாக்டர் வெளுத்த பவளம்

எதைப் பார்த்தாலும் "இன்னும் கொஞ்சம் வெளுக்கலாமே" என்று நினைக்கிறவர் நம் பல் டாக்டர். சுவர், சட்டை, செருப்பு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தம்மிடம் பல் வெளுத்துக்கொண்டவர்களை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னால் தெருவிளக்கே வேண்டாம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் சம்பந்தியாகப் போகிறவர் தம் பவளங்களை ஒப்படைத்தார். கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் மனிதர்கள் உட்கார இடமில்லாத அளவுக்குக் கடல்தண்ணீர்த் தொட்டிகள். டாக்டரின் மகளுக்கும் இவர் பையனுக்கும் கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்து தேதி மட்டும் பாக்கி. அந்தச் சந்தோஷத்தில் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ஒரு தொட்டியை வைத்து, தாம் வளர்த்த பழுப்பு நிறப் பவளங்களைப் பாறையில் ஒட்டிக் கொடுத்தார்.

"லைட்டைக் குறைச்சு வச்சு ஆரம்பிங்க. பழகினதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். இதுங்க எனக்குப் பிள்ளைங்க மாதிரி."

ஒப்புக்குச் சொல்கிற ஆளில்லை. தங்கமீனுக்கு ரொட்டி பிய்த்துப் போட்ட ஒரே குற்றத்துக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர். மகளோ அந்தப் பையனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பவளம் பிழைத்தால்தான் கல்யாணம் என்பது டாக்டருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் சும்மா இருக்கவில்லை.

தொட்டி விளக்கு நீல விளக்கு. பல் வெளுக்க அவர் வாய்க்குள் பாய்ச்சுவதும் நீல வெளிச்சம்தான். "தலை நரைக்கிற வரைக்கும் நீல லைட்டு பிடிச்சவன் நான். எனக்கே பாடமா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, குமிழைக் கடைசிவரை திருகினார்.

அன்றிலிருந்து பல்வலியோடு வந்தவர்கள் கண்வலியோடு போனார்கள். எதிர்க்கடைப் பூனை, ராத்திரி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டதாகக் கேள்வி.

வரவேற்பு மேசையில் உட்காரும் மனைவிக்குத் தலை வெடித்தது. நோயாளிகள் கழுத்தில் கட்டும் துணிகளை எடுத்துத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் தன் பக்கமாக விரித்தாள். டாக்டர் எடுப்பார், அவர் உள்ளே போனதும் அவள் விரிப்பாள். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதை எழுதினால் குடும்பத்துக்கு நல்லதல்ல.

பவளங்கள் வெளுக்கத் தொடங்கின. முதலில் நுனி, பிறகு மேனி முழுக்க. டாக்டருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மாமாவுக்கு ஒரு போட்டோ அனுப்பிக் கேட்கலாமா என்று மகள் இழுத்தாள். நேரில் பார்த்து அசந்து போகட்டும் என்று அடக்கிவிட்டார். துணி விரித்த ஓரத்தில் இரண்டு மட்டும் பழுப்பாகவே கிடந்தன. அவற்றைக் "கறை" என்றே குறிப்பிட்டார்.

தேதி பேச சம்பந்தி வந்தார். டாக்டர் அவரைக் கையைப் பிடித்துத் தொட்டிக்கு அழைத்துப் போய், முத்து மாதிரி வெளுத்திருந்ததை எல்லாம் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஓரத்துல ரெண்டுக்கு மட்டும் கறை போகல. இவ துணியைப் போட்டு மூடிட்டா. மன்னிச்சுக்கணும்."

சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக் குனிந்தார். கதவோரம் மகள் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அது கறையில்ல. பவளத்துக்குள்ள குடியிருக்கிற பாசி. அதுதான் வெளிச்சத்துல சமைச்சு இதுக்குச் சோறு போடுது. நீங்க பாய்ச்சின வெளிச்சம் தாங்காம, இது சமையல்காரனையே வெளிய அனுப்பிடுச்சு. இது வெளுப்பில்ல, பட்டினி."

டாக்டர் காத்திருப்போர் நாற்காலியில், பல் பிடுங்க வந்தவரைப் போல உட்கார்ந்தார்.

சம்பந்தி, டாக்டரின் மனைவி பக்கம் திரும்பினார். "துணி போட்டது நீங்கதானேம்மா? எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? தலைவலி."

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம் கையாலேயே குமிழைத் திருகி விளக்கைக் கால்வாசிக்குக் குறைத்தார். "உயிர் இருக்கு. நிறம் திரும்பட்டும், தேதி வைப்போம். இதுமேல இனிமே உங்க கை படக்கூடாது. அம்மா கை மட்டும் பட்டாப் போதும்."

ஆக, ஊர்ப் பற்களின் கறையை எல்லாம் ஓட ஓட விரட்டிய மனிதர், தினமும் காலையில் வந்ததும் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியைத் தொட்டியோரம் பிடித்து, எங்கேயாவது துளிக் கறை தெரிகிறதா என்று தேடினார். பழுப்பு தெரிகிறது என்று மனைவி முதலில் சொன்ன அன்று, உள்ளே வாயைத் திறந்து படுத்திருந்தவரை மறந்து வெளியே ஓடிவந்துவிட்டார்.

தேதி குறித்ததும் சம்பந்தி மனம்விட்டுச் சிரித்தார். ஆயுள் முழுக்கக் கப்பலில் குடித்த தேநீர் அத்தனையும் அவர் பற்களில் படிந்திருந்தது. டாக்டர் கண் அங்கேயே நின்றுவிட்டது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன அப்படிப் பார்க்கிறீங்க?" என்றார் சம்பந்தி.

டாக்டர், "நல்ல நிறம்" என்றார்.