வினாத்தாளைக் கூறு போட்ட கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை, தானா ராத்தாவிலிருந்து கியா பார்ம் வழியாகப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை கேமரன் மலைச் சாலை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். வண்டி நகரவில்லை, அதனால் கதை நகர்ந்தது. ஆனால் கதை முடிவதற்குள் கியா பார்ம் வந்துவிட்டது. அவர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முடிவும் அவர்களோடு இறங்கிவிட்டது.

மீதியை நான்தான் முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டியிருக்கிறது. எங்காவது ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

பனி படர்ந்த மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தேயிலை

(வேண்டாம். அந்தக் கம்பளத்தை இதுவரை விரித்தவர்கள் போதும்.)

செயற்கை நுண்ணறிவு இன்று கல்வித்துறைக்கு ஆற்றிவரும் அரும்பணி

(இது பேச்சுப் போட்டிக்கு. இதுவும் வேண்டாம்.)

வசுமதி டீச்சரின் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். ஒன்பதும் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே வரிசை வீட்டு லயம். லயத்தில் ஒரு வீட்டில் பலகாரம் சுட்டால் எல்லா வீட்டுக்கும் போகும். பரீட்சை விடையும் அப்படித்தான் போகும். ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ஒன்பது பேருடைய அப்பாவும் திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டினார். ஒன்பது பேருடைய அப்பாவுக்கும் பெயர் விஜயன். மறுநாள் விஜயன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தனக்கு ஒரே ஒரு மகன்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். மனைவியையும் கூட அழைத்து வந்திருந்தார்.

அன்றைக்குத்தான் வசுமதிக்கு அந்த யோசனை வந்தது: ஆளுக்கொரு மாதிரி சோதனை வைத்தால் என்ன?

3

(இந்தப் பகுதியில் இயந்திரம் பேசும். நான் திருத்தவில்லை.)

பள்ளிக்கூடத்தில் இணையம் எடுக்காது. தோட்டத்து ஆபீசுக்கு மேலே, மேட்டில் காரை நிறுத்திக்கொண்டு வசுமதி கைப்பேசியில் ஏஐ-யிடம் கேட்டாள். பாடம் அறிவியல், தாவரங்கள் ஒளிக்கும் நீருக்கும் தொடுதலுக்கும் எப்படித் துலங்கி அசைகின்றன என்பது. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது விதமான மதிப்பீடு வேண்டும்.

“அருமையான முயற்சி! மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பாசிகளைக் கவனிக்கச் செய்யலாம்!”

நாங்கள் மலை உச்சியில் இருக்கிறோம் என்று வசுமதி தட்டினாள். அது மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. வசுமதியின் கணவர் அதனிடம் டியூஷன் போகலாம். பிறகு பொம்மலாட்டம் என்றது, குறும்படம் என்றது. இவள் வெட்ட, அது நீட்ட, கடைசியில் ஒன்பது தாள் தேறியது. ஒருவனுக்குக் களிமண்ணில் மாதிரி. ஒருத்திக்கு விடுகதை. ஒருவனுக்குப் படம். சிலருக்கு ஒரு பக்கம் எழுத்து. பூவிழிக்கு மட்டும்: ‘ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து, பார்த்ததைப் பேசு.’

உண்மையில் அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எட்டும். பூவிழி வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகப் பதில் சொல்கிறவள். வினாத்தாளைக் கையில் கொடுத்தால் விரல் நடுங்கும், கண் கலங்கும், தாள் வெறுமையாகவே திரும்பி வரும்.*

* தொட்டாற்சுருங்கி என்று எழுத ஆசையாக இருந்தது. பாடமும் அதுதானே. அடக்கிக்கொண்டேன்.

போன வருஷம் அவளுக்குக் கிடைத்தது கடைசி நிலை. “இன்னொரு வாட்டி இப்படி வந்துச்சு, ஸ்கூல துக்கார் பண்ணி, மாத்தி டவுன்ல போட்டுருவேன்” என்று அவள் அம்மா காளியம்மா சொல்லியிருந்தாள். டவுன் பள்ளியில் வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். அங்கே பூவிழியோடு தனியாக உட்கார யாருக்கு நேரம் இருக்கும்?

4

வெள்ளிக்கிழமை தாள்கள் வீட்டுக்குப் போயின. அன்று மாலை லயத்துக் குழாயடியில் ஒன்பது அம்மாக்களும் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் குணாளன் அறைக்கு முன்னால் அத்தனை பேரும் நின்றார்கள்.

“எம் மவனுக்குக் களிமண்ணாம் லா” என்றாள் சீதா. “வீடு பூரா சேறு. லெம்பா பெர்த்தாம்ல வெள்ளம் வந்தப்பகூட எங்கக்கா வீடு இப்படி இல்ல.”

அடுத்துக் காளியம்மா பேசினாள். “மத்த புள்ளைங்களுக்கு எழுது, வரை, செய்னு இருக்கு. எம் மவளுக்கு மட்டும் சும்மா பேசிட்டுப் போன்னு போட்டிருக்கு. ஏன் டீச்சர், அவள ஆட்டத்துல சேத்துக்கலயா? கறிக்கூறுல எல்லாருக்கும் சதய வச்சுட்டு, ஒருத்திக்கு மட்டும் எலும்ப வச்ச மாதிரில இருக்கு.”

“எல்லாத்துக்கும் சாமா ராத்தாவா ஒரே மாதிரி குடுத்திருக்கலாம்ல டீச்சர்” என்றார் குணாளன். யார் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பது அவர் வழக்கம்.

ஒரே வாக்கியத்தில் வசுமதி பதில் சொல்லியிருக்கலாம். உங்கள் மகளுக்குத் தாளைக் கண்டால் கை நடுங்குகிறது, அதனால்தான் என்று. ஆனால் மற்ற எட்டு அம்மாக்களும் நிற்கிறார்கள். சாயங்காலத்துக்குள் குழாயடியில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், கல்யாணம் வரைக்கும் அது கூடவே போகும். அதனால் பழியை ஆளில்லாத இடத்தில் போட்டாள்.

“கம்ப்யூட்டர் பிரிச்சதும்மா.”

“கம்ப்யூட்டருக்கு எம் மவளத் தெரியுமா?” என்றாள் காளியம்மா.

பிறகு காளியம்மாவே வழி சொன்னாள். “கோயில்ல பண்றாப்புலயே பண்ணிருவோம். தாள எல்லாம் தரையில வைங்க. நான் திரும்பி நிக்கறேன்.”

5

(வெளியூர் வாசகர்களுக்கு.) தோட்டத்துக் கோயிலில் கிடா வெட்டினால் கறியை இலைகளில் கூறு கூறாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறின்மேல் கையை வைத்து “யாருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். பிறகு யாரும் முணுமுணுக்கக் கூடாது.

ஈரல் இருக்கும் கூறில் கை படும்போது கேட்கிறவர் குரல் லேசாக மாறும், பழகின காது அதைப் பிடித்துவிடும் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. காளியம்மா பல வருஷமாகத் திரும்பி நிற்கிறவள். அவள் வீட்டுக்கு இதுவரை ஈரல் விழுந்ததே இல்லை. அதுதான் அவளுக்குப் பெருமை, அவள் பேச்சுக்கு லயத்தில் மதிப்பும் அதனால்தான்.

6

முடிவு கைவசம் இல்லாததால் நானும் ஏஐ-யிடமே கேட்டேன். மூன்று கொடுத்தது.

அ. ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது என்று எல்லா அம்மாக்களும் உணர்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தின்மேல் வானவில் தோன்றுகிறது.

ஆ. பூவிழி வளர்ந்து தாவரவியல் விஞ்ஞானியாகித் திரும்பி வருகிறாள்.

இ. எல்லாரும் கடற்கரைக்குப் போகிறார்கள்.

(மூன்றாவதைப் படித்தபோது வசுமதி பேசியதும் இதே ஆசாமியிடம்தான் என்று தெரிந்துகொண்டேன்.)

ஆகவே பஸ்ஸில் கடைசியாகக் கேட்டது வரைக்கும் எழுதிவிடுகிறேன்.

7

வகுப்பறைத் தரையில் ஒன்பது தாள்கள், மூன்று மூன்றாக. காளியம்மா கரும்பலகையைப் பார்த்து நின்றாள். பூவிழி கதவோரம், அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் இப்போதே நடுங்க ஆரம்பித்திருந்தன.

வசுமதி குனிந்தாள். முதலில் களிமண் தாளில்தான் கை வைக்க நினைத்தாள். கை கேட்கவில்லை, ‘பேசு’ என்ற தாளின்மேல் போய் உட்கார்ந்தது.

“யாருக்கு?” என்றாள். குரல் மாறிவிட்டது. அவளுக்கே கேட்டது.

காளியம்மாவின் தலை கொஞ்சம் சாய்ந்தது. ஈரல் எது என்று அந்தக் காதுக்குத் தெரிந்துவிட்டது. எலும்பு என்று அவள் நினைத்ததுதான் அது என்றும் தெரிந்துவிட்டது. மகள் பெயரைச் சொன்னால் இத்தனை வருஷப் பெருமை போகும். வேறு பெயர் சொன்னால் மகள் டவுனுக்குப் போவாள்.

“அப்பறம் காளியம்மா வாயத் தொறந்தா பாரு” என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண்களில் ஒருத்தி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கதவு மூடிக்கொண்டது.

நானும் இறங்கிக் கேட்டிருக்கலாம். ஆனால் காளியம்மா சொல்வதை நான் சொன்னால், முகத்தைக் காட்டிக்கொண்டே கூறு போட்டதாக ஆகும். லயத்தில் அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எழுந்து, நீங்கள் அந்தச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். என் கை ஒரு தாளின்மேல் இருக்கிறது.

யாருக்கு?